இரண்டாம் நாள் மாலையைத் தாண்டுவது எப்படி: தொழில்முறை கோல்ஃபுக்குப் போக நினைப்பவர்களுக்கு

தொழில்முறை கோல்ஃப் போட்டி பெரும்பாலும் நான்கு நாள் நடக்கும். நூற்றைம்பது பேர்வரை இறங்குவார்கள். நாளுக்கு ஒரு ரவுண்டு, அதாவது 18 குழி என்று முதல் இரண்டு நாளில் 36 குழிகளையும் ஆடி முடித்ததும் பட்டியலின் குறுக்கே ஒரு கோடு விழும், அதற்குப் பெயர் கட். அமெரிக்காவின் பிஜிஏ டூரில் முதல் 65 இடங்களும் அதே ஸ்கோரில் (அடித்த ஷாட்களின் மொத்த எண்ணிக்கை, குறைந்தால் நல்லது) சமமாக நிற்பவர்களும் தப்புவார்கள், மாஸ்டர்ஸில் முதல் 50, பிரிட்டனின் ஓப்பனில் முதல் 70. கோட்டுக்குக் கீழே நிற்பவருக்கு வழக்கமான போட்டிகளில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், அறை வாடகை, பை சுமந்து கூடவே நடந்த கேடிக்குக் கொடுத்தது, எல்லாம் கைக்காசு.

என் அக்கா மகன் ஆறு வருடம் இந்தியச் சுற்றில் ஆடினான். அந்த ஆறு வருடமும் அவனுடைய வரவு செலவை நோட்டில் எழுதியவன் நான். மட்டையை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்று காட்ட வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் இந்தத் தொழிலில் ஒருவன் எப்படிப் பிழைக்கிறான், எந்த இடத்தில் விழுகிறான் என்று தமிழில் யாரும் உட்கார்ந்து எழுதி நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன். பிள்ளை கோல்ஃப் ஆட வேண்டும் என்கிறது, வீட்டில் என்ன முடிவெடுப்பதென்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான்.

எங்கே தொடங்குவது

ஒலிம்பிக்வரை போன அதிதி அசோக் ஐந்து வயதில் பெங்களூரின் கர்நாடக கோல்ஃப் சங்கத் திடலில் மட்டையைப் பிடித்தவர். எல்லோரும் அப்படித் தொடங்குவதில்லை. எஸ்எஸ்பி சௌராசியாவின் அப்பா கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பையன் அதே திடலில் பிறர் பையைச் சுமந்து, பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டார், 1997இல் தொழில்முறைக்கு வந்தார், 2016, 2017 என்று தொடர்ந்து இரண்டு வருடம் இந்தியன் ஓப்பனை வென்றார். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும் டெல்லியில் கேடியாக இருந்தவர்தான். 2009இல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் அதே வழியில் வந்தவர். பணக்காரர் ஆட்டம் என்று சொல்லிவிட்டு விலகிப் போகிறவர்களுக்கு இந்த மூன்று பெயர்களையும் சொல்லுங்கள். அதற்காகச் செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை, அந்தக் கணக்குக்குக் கீழே வருகிறேன்.

தமிழ்நாட்டில் சென்னையின் நந்தனம், கோவையில் செட்டிபாளையம், மலைமேல் ஊட்டி, கொடைக்கானல் என்று திடல்கள் உண்டு. உறுப்பினர் ஆவதற்கான தொகையைக் கேட்டு மலைத்துத் திரும்பிவிடாதீர்கள். சிறுவர்களுக்குத் தனிப் பயிற்சித் திட்டம் இருக்கிறதா, உறுப்பினர் அல்லாதவர் எந்த நாளில், என்ன கட்டணத்தில் ஆடலாம், பந்து அடித்துப் பழகும் ரேஞ்ச் மட்டும் பயன்படுத்த முடியுமா, இந்த மூன்றையும் நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், நேரில் போனால் யாராவது ஒரு பயிற்சியாளர் வழி சொல்வார்.

மலைத் திடலில் ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டியில் காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் போகும். அங்கே எடுத்த தூரக் கணக்கை வைத்துக்கொண்டு சென்னையில் மட்டையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஷாட்டும் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் குறும்புல் பரப்புக்கு, முன்னாலேயே விழும். சமவெளிக்குத் தனியாக அளந்து எழுதி வையுங்கள்.

அமெச்சூராக இருக்க முடிந்தவரை இருங்கள்

அமெச்சூர் என்றால் பிழைப்புக்காக ஆடாதவர். நான் பார்த்ததில் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இதுதான். பையன் சொந்தத் திடலில் நாலு முறை ஒரு ரவுண்டை 68 ஷாட்டில் முடித்துவிடுகிறான், வீட்டில் எல்லோரும் அவனைத் தொழில்முறை வீரனாகவே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஹேண்டிகேப், அதாவது ஒருவருடைய திறமையைக் காட்டும் எண், எப்படிக் கணக்காகிறது என்று பாருங்கள். கடைசி 20 ரவுண்டில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். மீதிப் பன்னிரண்டு கணக்கிலேயே வராது. ஒருவருடைய திறமையின் எல்லை எவ்வளவு என்று காட்ட அது சரியான முறை. ஆனால் தொழில்முறைப் போட்டியில் மோசமான ரவுண்டைத் தள்ளிவிட முடியாது, வியாழக்கிழமை அடித்த 79 வெள்ளிக்கிழமை அடித்த 68ஓடு கூட்டப்பட்டுத்தான் கோட்டுக்கு மேலா கீழா என்று முடிவாகும். ஆகவே நோட்டில் வேறு ஒரு கணக்கு எழுதுங்கள். கடைசி 20 போட்டி ரவுண்டு, அதுவும் சொந்தத் திடலில் ஆடியதை விட்டுவிட்டு வெளியூர்த் திடல்களில் ஆடியது மட்டும், இருபதையும் கூட்டிச் சராசரி எடுங்கள், அப்புறம் மோசமான ஐந்தைத் தனியாகப் பாருங்கள். இருபதின் சராசரி பார் அளவையே (திடலுக்கு நிர்ணயித்த ஷாட் எண்ணிக்கை) தொடவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை. மோசமான ஐந்தும் 76, 77ஐத் தாண்டிப் போகிறது என்றாலும் அப்படித்தான். என் மருமகன் தொழில்முறைக்குப் போனபோது நாங்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. போட்டிருந்தால் ஒன்றரை வருடம் தள்ளிப் போட்டிருப்போம்.

அமெச்சூராக இருப்பதால் பணம் எதுவும் வாங்க முடியாது என்பது பழைய விதி. 2022 முதல் அமெச்சூர்கள் விளம்பர ஆதரவு வாங்கிக்கொள்ளலாம், போட்டிப் பரிசு மட்டும் 1,000 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. மட்டையும் உடையும் பயணச் செலவும் தர ஒரு நிறுவனம் முன்வந்தால் அதற்காகத் தொழில்முறைக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை. மாறிவிட்டுத் திரும்ப அமெச்சூர் ஆக வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பு வயசுப் பையனுக்குப் பெரிய வலி.

இந்தக் காலத்தில் இந்திய கோல்ஃப் யூனியன் நடத்தும் சிறுவர், அமெச்சூர் போட்டிகளை ஒன்றுவிடாமல் ஆடுங்கள். அகில இந்திய அமெச்சூர் போட்டி 1892இலிருந்து நடக்கிறது. படிப்பில் விருப்பம் இருந்தால் அமெரிக்கக் கல்லூரி வழியும் உண்டு. ஜீவ் மில்கா சிங் டெக்சஸில் அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் படித்து, கல்லூரிகளின் இரண்டாம் பிரிவில் தனிநபர் பட்டத்தை வென்று, 1993இல்தான் தொழில்முறைக்கு வந்தார். கையில் பட்டம் இருக்கிறது என்ற தெம்பு ஒருவன் பட் அடிக்கும் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும்) விதத்தையே மாற்றும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கார்டு வாங்குவது

இந்தியாவில் ஆண்களுக்கான சுற்றை 2006இல் தொடங்கிய பிஜிடிஐ (இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்று அமைப்பு) நடத்துகிறது. வருடத் தொடக்கத்தில் கியூ ஸ்கூல் என்று தகுதிப் போட்டி வைப்பார்கள், முதலில் முன்தகுதி, அதில் தேறினால் இறுதிக் கட்டம், அதிலும் மேலே வந்தால் அந்த வருடத்துக்கு ஆடும் உரிமை, அதாவது கார்டு. பெண்களுக்கு இந்தியப் பெண்கள் கோல்ஃப் சங்கம் தனிச் சுற்று நடத்துகிறது. ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா எல்லாவற்றுக்கும் இதே மாதிரிதான், பெயரும் பணமும் வேறு. அதிதி 2015 டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பியப் பெண்கள் சுற்றின் தகுதிப் போட்டியை வென்றபோது அவருக்கு 17 வயது. அடுத்த வருடமே பெண்கள் இந்தியன் ஓப்பனை வென்றார். அது அபூர்வம், எல்லோருக்கும் அந்த வேகத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம்.

கியூ ஸ்கூலுக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்விடுங்கள். முதல் நாள் மட்டையே எடுக்காமல் 18 கிரீனையும் நடந்து பாருங்கள், புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, எந்தப் பக்கம் தவறவிட்டால் திரும்ப ஏற்றுவது சுலபம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தத் திடலிலேயே வளர்ந்த கேடியை அமர்த்துங்கள், அவர் கேட்கும் தொகையில் பேரம் பேசாதீர்கள். அந்த வாரத்தில் நீங்கள் செலவழிக்கும் பணத்தில் அதைவிட நல்ல செலவு வேறு இல்லை.

எதைப் பழகுவது

சௌராசியாவுக்குச் சக வீரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘சிப்புட்சியா’. சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி ஏற்றும் ஷாட்), பட் இரண்டிலும் அவ்வளவு கைதேர்ந்தவர். அதிதியும் அப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்து போனவர், அம்மாவே கேடியாகப் பையைச் சுமக்க, தன்னைவிட எவ்வளவோ தூரம் அடிக்கிறவர்களுக்கு நடுவே மூன்றாம் நாள் முடிவில் இரண்டாம் இடத்தில் நின்றார், கடைசியில் பாரைவிட 15 ஷாட் குறைவாக ஆடி நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் ஒரே ஒரு ஷாட் வித்தியாசம். அன்று காலை சீக்கிரமே எழுந்து அந்தக் கடைசி ரவுண்டைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன், கடைசிக் குழியில் அவர் பட் குழியை நோக்கி உருண்டது இன்னும் மனதில் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, தூரம் முக்கியமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி பிஜிஏ டூரின் ஷாட்களை ஒவ்வொன்றாக அலசியதில், முன்னணி வீரருக்கும் சராசரி வீரருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீண்ட ஷாட்களிலிருந்துதான் வருகிறது என்று தெரியவந்தது. பட் விஷயத்தில் உலகின் சிறந்த ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து பாதியைத்தான் போடுகிறார்கள். 20 அடியிலிருந்து ஏறக்குறைய ஏழில் ஒன்று. எட்டு அடி பட் தவறினால் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு எண்ணைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி மனப்பாரம் இறங்கும்.

அப்படியானால் என்ன செய்வது? பதினேழு, பதினெட்டு வயதுக்குள் உடம்பு வளரும்போதே வேகத்தைச் சேர்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு சேர்ப்பது கடினம். அப்புறம் 100 கெஜத்துக்குள் வரும் ஷாட்களுக்குப் பயிற்சி நேரத்தில் பாதியைக் கொடுங்கள், ஏனென்றால் பிஜிஏ டூர் வீரர்கூட சராசரியாக 18இல் ஆறு கிரீனை உரிய ஷாட்டில் பிடிப்பதில்லை, அந்த ஆறு குழிகளில் பாரைக் காப்பாற்றுகிறவன்தான் இரண்டாம் நாள் மாலையைத் தாண்டுகிறான். மூன்றாவது, உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தும் திடல்களைத் தேர்ந்தெடுங்கள். டெல்லி கோல்ஃப் கிளப் திடலில் இரண்டு பக்கமும் புதர், பாதை குறுகல், தூரம் அடிக்கிறவனைவிட நேராக அடிக்கிறவனுக்குச் சாதகமான இடம். சௌராசியா 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றதும் 2016இல் இந்தியன் ஓப்பனை வென்றதும் அங்கேதான். வருட அட்டவணை வந்ததும் எந்தெந்தத் திடலில் உங்கள் ஆட்டம் எடுபடும் என்று பென்சிலால் குறியுங்கள். எல்லாப் போட்டிக்கும் ஓடுவதைவிட, அப்படிக் குறித்த வாரங்களுக்கு முழு உடம்போடு போவது மேல்.

பணம்

பரிசுத் தொகை எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிஜிஏ டூரின் வழக்கமான போட்டியில் வெற்றியாளருக்கு மொத்தத்தில் 18 சதவீதம், இரண்டாம் இடத்துக்கு 10.9, மூன்றாம் இடத்துக்கு 6.9. கீழே போகப் போகச் சரசரவென்று இறங்கிவிடும். 2022இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் நம் அனிர்பன் லாஹிரி, கேமரன் ஸ்மித்திடம் ஒரே ஷாட்டில் தோற்றார். ஸ்மித்துக்கு 36 லட்சம் டாலர், லாஹிரிக்கு 21.8 லட்சம். அந்த ஒரு ஷாட்டின் விலை 14 லட்சம் டாலருக்கு மேல். இந்தியச் சுற்றில் ஒரு கோடி ரூபாய்ப் போட்டி என்றால் வென்றவருக்கு 15 லட்சம். கேட்கும்போது பெரிதாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் ஒருவர்தான் வெல்கிறார்.

சரி, உங்கள் பக்கக் கணக்கு. ஒரு வாரத்துக்குப் பயணம், அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கேடி எல்லாம் சேர்த்து 40,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 20 போட்டி என்றால் எட்டு லட்சம். பயிற்சியாளர், மட்டை, உடற்பயிற்சி, மருத்துவம் தனி. இருபதில் பத்தில் கட் தாண்டினால் அந்தப் பத்தில் வரும் பணம்தான் இருபதுக்கும் செலவு. வரும் பணத்திலும் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கேடிக்கும் பங்கு உண்டு, பெரிய சுற்றுகளில் வாரச் சம்பளம் போக, கட் தாண்டினால் பரிசில் 5 சதவீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, வென்றால் 10 என்பது வழக்கம். இங்கே என்ன ஏற்பாடு என்பதை முதல் நாளே வாய்விட்டுப் பேசி முடித்துவிடுங்கள்.

தொழில்முறைக்கு மாறும் அன்று குறைந்தது ஒரு வருடச் செலவு வங்கியில் இருக்க வேண்டும், கடன் வாங்காத பணமாக. இரண்டாம் வருடத்தில் நாங்கள் கடன் வாங்கினோம். வெளிநாட்டில் தொடர்ந்து ஆறு வாரம் ஆடினால் பெரிய சுற்றுக்கு வழி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, அக்காவின் நகையை வைத்துப் பணம் புரட்டினோம். ஆறு போட்டியில் ஒன்றில்தான் கட் தாண்டினான். திரும்பி வந்த இரவு அவன் சொன்னது இது: “மாமா, ஒவ்வொரு பட்டுக்கும் இது போகலன்னா இந்த மாச வட்டி போச்சுன்னுதான் மனசுல ஓடிச்சு.” மூன்றடி பட் அவனுக்குத் தவறியது கையில் உள்ள குறையால் இல்லை. அந்த நகையை மீட்க இரண்டு வருடம் ஆனது, அவன் பட்டிங் பழையபடி ஆக அதைவிட அதிக காலம் ஆனது. அந்த முடிவில் என் கையெழுத்தும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆதரவாளர் விஷயத்திலும் அடி வாங்கியிருக்கிறோம். வாய்மொழியாக ஒரு வருடத்துக்கு என்று சொன்னவர் ஐந்தாம் மாதம் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். எழுத்தில் வாங்குங்கள், மூன்று மாதத் தொகையை முன்கூட்டியே தரச் சொல்லுங்கள், மோசமாக ஆடினால் ஆதரவு நிற்குமா தொடருமா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

விதிகளை விளையாட்டாக எடுக்க வேண்டாம்

பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. 2001இல் பிரிட்டனின் ஓப்பனின் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தபோது, இரண்டாம் குழியில் நிற்கையில் பையில் 15ஆவது மட்டை கிடப்பது தெரிந்தது. இரண்டு ஷாட் அபராதம், போட்டியை மூன்றாம் இடத்தில் சமமாக முடித்தார். 1968 மாஸ்டர்ஸில் ரொபெர்டோ டி விசென்சோ 65 அடித்தார், கூட ஆடியவர் 17ஆம் குழியில் 3க்குப் பதில் 4 என்று எழுதிவிட்டார், இவர் அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். கூடுதலாக எழுதிய ஸ்கோர் அப்படியே நின்றது, பிளேஆஃப் (சமமாக நிற்பவர்களுக்குள் வெற்றியாளரை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டம்) ஆட வேண்டியவர் வீட்டுக்குப் போனார்.

ரவுண்டு முடிந்ததும் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, ஒவ்வொரு குழியையும் கேடியோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலையில் திடலுக்குள் நுழையும் முன் மட்டைகளை எண்ணுங்கள்.

வறண்ட காலம்

கார்டு போய்விடும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறையாவது போகும். அர்ஜுன் அட்வால் 2010இல் காயத்துக்குப் பிறகு பிஜிஏ டூர் கார்டை இழந்தார். சில வாரம் கழித்து விண்டம் சாம்பியன்ஷிப்புக்கு, கார்டு இல்லாதவர்களுக்கு திங்கட்கிழமை நடக்கும் ஒருநாள் தகுதி ரவுண்டை ஆடி உள்ளே வந்தார். முதல் நாளே 61. ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கிரீனில் ஏழடி பட்டைப் போட்டு ஒரு ஷாட்டில் வென்றார், பிஜிஏ டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். ஜீவ் மில்கா சிங் 1999க்குப் பிறகு ஏழு வருடம் பட்டமே இல்லாமல் இருந்தார். 2006 ஏப்ரலில் சீனாவில் வென்றார், அந்த வருடம் முடியும் முன் ஸ்பெயினில் வோல்வோ மாஸ்டர்ஸ், ஜப்பானில் இரண்டு என்று மொத்தம் நான்கு பட்டம்.

இந்தக் கதைகளை நான் சொல்வது தொடர்ந்து போராடு என்று தூண்டிவிட மட்டும் அல்ல. அந்த ஏழு வருடமும் ஜீவ் ஆடிக்கொண்டே இருக்க முடிந்தது, அதற்கு முன்பு சம்பாதித்ததும் குடும்பத்தின் பின்புலமும் இருந்தது. உங்களிடம் எத்தனை வருடத்துக்குத் தாங்கும் சக்தி இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே எழுதி, ஒரு தேதி குறித்து வையுங்கள். அந்தத் தேதியில் மூன்று கேள்வி: இருபது ரவுண்டின் சராசரி போன வருடத்தைவிட இறங்கியிருக்கிறதா, கட் தாண்டும் எண்ணிக்கை கூடியிருக்கிறதா, கடன் இல்லாமல் அடுத்த வருடம் ஆட முடியுமா. மூன்றில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் இன்னொரு வருடம். இல்லையென்றால் பயிற்சியாளர் ஆவதற்கு இந்திய தேசிய கோல்ஃப் அகாடமி சான்றிதழ் தருகிறது, திடல் பராமரிப்பு, கிளப் நிர்வாகம், பெரிய வீரர்களுக்குக் கேடி வேலை என்று இந்த ஆட்டத்துக்குள்ளேயே பிழைக்க வழிகள் இருக்கின்றன.

எங்கள் தேதி ஆறாம் வருட டிசம்பர். மூன்று கேள்விக்கும் பதில் எழுதியபோது ஒன்றுக்குத்தான் ‘ஆம்’ வந்தது, சராசரி 73.1இலிருந்து 72.4க்கு இறங்கியிருந்தது. அவன் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தான். இப்போது ஒரு திடலில் பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அதில் இரண்டு பேருக்குப் போட்டி ரவுண்டுகளை எழுத ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான், இருபதையும் எழுத வேண்டும், நல்ல எட்டை மட்டும் எழுதக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே அவன் கையெழுத்தில் இருக்கிறது.